அடுப்படி வரை வராத அறிவுரை

திருவாரூர் மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கு, குடவாசலிலிருந்து வணக்கம்.

மேட்டூர் எப்போது திறக்கும், சம்பா தேறுமா என்றே பேசிப் பழகிய ஊரிலிருந்து குழந்தைகளின் உடல் பருமன் பற்றி ஒரு மடலா என்று தோன்றலாம். இளைத்த பிள்ளையைப் பற்றித்தான் இந்த இதழில் எப்போதும் எழுதுகிறோம். இனியும் எழுதத்தான் வேண்டும். 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், 2023 ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து மாநிலமெங்கும் விரிந்த காலை உணவும் அந்தக் கவலையில் பிறந்தவை. அவற்றில் ஒரு பிடி குறைந்தாலும் முதலில் சண்டைக்கு வருவது நாங்களாகத்தான் இருக்கும். ஆனால் அதே வகுப்பில், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் பத்து வயதுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறது. இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குள் உடல் பருமன் உள்ளவர்கள் 1990-இல் சுமார் 4 லட்சம் பேர், 2022-இல் 1.25 கோடி. தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் எடை கூடியவர்கள் என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் உலை ஒன்றுதானே.

இப்படிப்பட்ட பிள்ளையை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனால், பாக்கெட் தீனியைக் குறை, ஓடியாட விடு, மூன்று மாதம் கழித்து வா என்பார்கள். சரியான அறிவுரைதான். நடுவில் கிடக்கும் அந்த மூன்று மாதம்தான் சிக்கல். அம்மா நடவுக்குப் போயிருப்பாள். நாலரை மணிக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளை, பத்து ரூபாயோடு நேரே கடையில் நிற்கும். "வளர்ற புள்ளைக்கு அளந்தா போடுவாக?" என்று அப்பாயி இன்னொரு கரண்டி வைப்பார். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் அப்பா, வீடியோ காலில் பிள்ளை சிணுங்கினால் அங்கிருந்தபடியே பரோட்டாவுக்குப் பணம் அனுப்பிவிடுவார். மருத்துவர் எழுதிய சீட்டு இவர்களில் ஒருவர் கண்ணிலும் படுவதில்லை.

இந்த இடைவெளியைக் கைபேசியால் ஓரளவு அடைக்கலாம் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 537 ஆண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஆரம்ப அறிவுரை எல்லாருக்கும் உண்டு. ஒரு பாதிக்கு மட்டும் இரண்டு ஆண்டுகள் குறுஞ்செய்திகள் தொடர்ந்து போயின. செய்தி கிடைக்காதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு நீரிழிவு வந்தது. கிடைத்தவர்களில் 18 பேருக்கு. 2013-இல் வெளியான ஆய்வு இது. அதைப் படித்தபின்பும் நம் துறைகள் கைபேசியைப் பெரும்பாலும் முகாம் தேதி அறிவிக்கும் தண்டோராவாகவே வைத்திருப்பது வருத்தம்தான்.

பிள்ளைகள் விஷயத்தில் கணக்கு இவ்வளவு தெளிவாக இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 721 பிள்ளைகளிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவின் பெற்றோருக்கு மாதம் ஒரு செய்தி. இன்னொரு பிரிவுக்கு வாரம் இரண்டு செய்தியும் ஆலோசகரோடு பேச்சும். இரண்டு பக்கமும் எடைக் குறியீடு கொஞ்சம் இறங்கியது. இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே செய்தியை மருந்து என்று நாங்கள் சொல்லவில்லை. மருத்துவருக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு ஆள் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த ஆளைச் சம்பளத்துக்கு வைக்கத் துறையிடம் பணமில்லை என்பதால், அவருக்குப் பதிலாகக் கைபேசிச் செய்தியைக் கேட்கிறோம்.

கேட்பது குடவாசல் வட்டாரத்துக்கு மட்டும், ஒரே ஒரு கல்வியாண்டுக்கு. ஆனால் வழக்கமான அரசுச் செய்தியாக அது இருந்துவிடக் கூடாது. தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறிகள்தான் இடம். புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். அதற்குள் "மாண்புமிகு" நுழைந்தால் மிச்சம் என்ன இருக்கும்? அதனால் குரல் செய்தியே மேல். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் அப்பாயிக்கும் அம்மாச்சிக்கும் அதுதான் எட்டும். இந்த ஊர்ப் பேச்சில், அரை நிமிடத்துக்குள்: "புள்ள வந்ததும் முதல்ல ஒரு டம்ளர் மோர் குடுங்க. கூல்டிரிங்ஸ் கேட்டா ஞாயித்துக்கிழமைன்னு சொல்லிப் பாருங்க. கேக்கலைன்னா ரெண்டை அமுக்குங்க, நாங்களே கூப்பிடுறோம்." அந்த ரெண்டை அமுக்கியவரை மறுநாளுக்குள் ஒரு செவிலியர் அழைத்தே தீர வேண்டும், 104 சேவையில் இதற்கு வழி இருக்கும். பதில் வராத எண்ணை யாரும் இரண்டாம் முறை அமுக்க மாட்டார்கள்.

எந்த எண்ணுக்கு அனுப்புவது என்பதையும் சொல்லிவிடுகிறோம். பள்ளிப் பதிவேட்டில் இருப்பது பல வீடுகளில் அப்பாவின் எண். அவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அப்பாயிக்குச் சர்க்கரை மாத்திரை கொண்டு வரும் தன்னார்வலருக்கு, அந்த வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்பது தெரியும். எண்ணையும் சம்மதத்தையும் அவர் வாங்கி வரட்டும். நேரம் மூன்றரை மணி. காலை பத்து மணிக்குச் சொன்னால் வரப்பிலேயே மறந்துபோகும்.

பிள்ளையின் எடையை வகுப்பில் உரக்கப் படிக்கக் கூடாது, வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. "குண்டு" என்று பெயர் வாங்கிய பிள்ளை விளையாட்டுத் திடலுக்கே வராது. செய்தி பெரியவர்களுக்கு மட்டும் போகட்டும். அதிலும் குறை சொல்லும் தொனி வேண்டாம்.

பெற்றோரை மட்டும் திருத்தினால் போதும் என்றும் நாங்கள் நினைக்கவில்லை. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தீனியை விற்கக் கூடாது என்று 2020-லேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருக்கிறது. உணவுப் பாதுகாப்பு அலுவலரை ஒருநாள் மாலை பள்ளி விடும் நேரத்தில் இங்கே அனுப்பி வையுங்கள். எந்த வாசல் என்று நாங்கள் சொல்லத் தேவையிருக்காது.

ஜூனில் பள்ளி திறந்து எடை பார்க்கும் வாரமே தொடங்கினால், ஏப்ரலில் மறுபடி எடை பார்த்துக் கணக்கெடுக்கலாம். பலன் இல்லையென்றாலும் அந்தக் கணக்கை வெளியிடுங்கள். நாங்கள் அச்சிடுகிறோம்.