இனிப்பும் இருக்கட்டும், எடையும் குறையட்டும்



உடல் எடையைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் ஒருவர் முதலில் செய்யும் சபதம் எது? "இனி இனிப்பைக் கையாலும் தொட மாட்டேன்" என்பதுதான். அந்தச் சபதத்தின் ஆயுள் எவ்வளவு? அடுத்த கல்யாண வீடு வரை. மிஞ்சிப் போனால் அடுத்த பெருநாள் வரை. அன்று ஒரு துண்டு அல்வா வாய்க்குள் போகிறது. சபதம் உடைந்துவிட்டதே என்னும் வருத்தம் ஒரு கணம். "உடைந்தது உடைந்துவிட்டது, நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்" என்னும் ஆறுதல் மறுகணம். அந்த ஆறுதலில் மேலும் நான்கு துண்டுகள் இறங்குகின்றன. 'நாளை' மட்டும் வருவதே இல்லை.

இனிப்பை அடியோடு விடாமல் எடையைக் குறைக்க இயலாதா? இயலும். ஆனால் அதற்கு நாம் சபதம் செய்வதை விட்டுக் கணக்குப் பார்க்கப் பழக வேண்டும்.

விரும்புவது குற்றமன்று

'அல்வா' என்னும் சொல்லே அரபுமொழி நமக்குத் தந்தது. 'ஹுல்வ்' என்றால் இனிப்பு. 'ஹல்வா' என்றால் இனிப்புப் பண்டம். நம் ஊர்களின் பெயரோடு சேர்ந்தே சில இனிப்புகள் மணக்கின்றன. நாகூர் என்றால் அல்வா, கீழக்கரை என்றால் தொதல், ஆர்க்காடு என்றால் மக்கன் பேடா. முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் ஏலமும் கலந்து ஆவியில் வேகும் வட்டிலப்பம் இல்லாமல் இலங்கை முஸ்லிம்களுக்குப் பெருநாள் ஏது? ஆம்பூர்ப் பக்கத்து விருந்தில் பிரியாணிக்குத் துணையாக பிரெட் அல்வா வராவிட்டால் பந்தியில் அமர்ந்தவர் முகம் வாடாதா?

இவையெல்லாம் வெறும் தின்பண்டங்கள் அல்ல. உம்மம்மாவின் கைப்பக்குவம் பேத்திக்கு வந்து சேரும் வழிகள். இவற்றை எதிரிகளாக எண்ணி வீட்டை விட்டு விரட்ட வேண்டியதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இனிப்பையும் தேனையும் விரும்பினார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் உள்ள செய்தி. வயிற்றில் உணவுக்கு ஒரு பங்கு, நீருக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு என்று அளவைக் கற்றுத் தந்தவர்களும் அவர்களே. முதற் செய்தியை நாம் மறப்பதில்லை. இரண்டாவது செய்திதான் பந்தியில் அமர்ந்தவுடன் மறந்துபோகிறது!

எடையைக் குறைப்பது எதற்காக?

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதற்காகப் பட்டினி கிடக்கச் சொல்லும் தாய்மார் இருக்கிறார்கள். "குண்டு" என்று பெற்ற மகளையே ஏளனம் செய்யும் இல்லங்களும் உண்டு. அது வேண்டாம். உடல், பிறர் கண்ணுக்காக வைக்கப்பட்ட காட்சிப் பொருள் அன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணுவதற்காகவே எடையைக் குறைக்கிறோம்.

நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023ஆம் ஆண்டில் தெரிவித்தது. ஒரு குடும்பத்தில் வாப்பாவுக்கு மாத்திரை, உம்மாவுக்கு ஊசி என்பது இப்போது வியப்பான செய்தியாக இல்லை. மற்ற நாட்டவரைவிடக் குறைந்த எடையிலேயே நம்மவர்க்கு வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. எனவேதான் இந்தியர்க்கான வரம்பை மருத்துவர்கள் சற்றுக் கடுமையாகவே வகுத்துள்ளனர். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உட்பட்டிருத்தல் வேண்டும். தையற்காரரின் அளவு நாடா ஒன்று போதும்; உங்கள் நிலையை இன்றே நீங்கள் அறிந்துகொள்ளலாம்.

இதில் நம்பிக்கை ஊட்டும் செய்தியும் உண்டு. நீரிழிவின் வாசலில் நின்றிருந்த 531 பேரைக் கொண்டு சென்னையில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. சீனியையும் கொழுப்பையும் குறைத்து, நாள்தோறும் நடைப்பயிற்சி மேற்கொள்ளுமாறு அவர்களுள் ஒரு பிரிவினர்க்கு அறிவுரை கூறப்பட்டது. அறிவுரை பெறாத பிரிவினரோடு ஒப்பிடும்போது, 3 ஆண்டுகளில் இவர்களிடையே நோய் வருவது நான்கில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்திருந்தது. எடை பெரிதாகக் குறையாத நிலையிலும் இப்பயன் கிட்டியது என்பதுதான் சிறப்பு. தராசு முள் அசையவில்லையே என்று மனம் சோர்பவர்கள் இதை நினைவில் இருத்த வேண்டும்.

ஒளிந்திருக்கும் சீனி

இனிக் கணக்குக்கு வருவோம். நாளொன்றுக்கு 4 முறை தேநீர் அருந்தும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோப்பையிலும் 2 தேக்கரண்டி சீனி. ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 5 கிராம். ஆக நாளொன்றுக்கு 40 கிராம். ஒரு கிராம் சீனி தருவது 4 கலோரி. எனவே தேநீரின் சீனி மட்டும் நாளொன்றுக்கு 160 கலோரி. வாரத்துக்கு 1,120 கலோரி. மாதக் கணக்கில் பார்த்தால் ஒரே மனிதர் 1,200 கிராம் சீனியைத் தேநீரில் கரைத்துக் குடித்துவிடுகிறார்!

வெள்ளிக்கிழமை அவர் விரும்பி உண்ணும் 50 கிராம் அல்வா எவ்வளவு? செய்முறைக்குத் தக்கவாறு ஏறத்தாழ 200 கலோரி. இப்போது சொல்லுங்கள்: எடையைக் கூட்டியது அல்வாவா, தேநீரா? அல்வா வாசல் வழியாக, எல்லாரும் பார்க்க, மணம் வீசிக்கொண்டு வருகிறது. தேநீரின் சீனியோ கொல்லைப்புறமாகத் தினமும் நான்கு முறை நுழைகிறது. நாம் விருந்தாளியைப் பிடித்து வைத்துக்கொண்டு திருடனை விட்டுவிடுகிறோம்.

அவர் கோப்பைக்கு ஒரு தேக்கரண்டியாகக் குறைத்தால் வாரத்துக்கு 560 கலோரி மிச்சம். வெள்ளிக்கிழமை அல்வாவை மனநிறைவோடு உண்ட பின்னும் 360 கலோரி மிச்சமாகவே இருக்கும். இனிப்பை விடாமல் எடையைக் குறைப்பதன் சூத்திரம் முழுவதும் இதற்குள் அடங்கிவிட்டது. சுவை உணராமல் உட்கொள்ளும் இனிப்பைக் குறையுங்கள். சுவைத்து உண்ணும் இனிப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

உணவில் கூடுதலாகச் சேர்க்கும் சீனி, தேன், பழச்சாறு ஆகியவற்றின் இனிப்பு, மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வரையறுத்தது. 2,000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம். 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நன்று என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. 250 மில்லி குளிர்பானம் ஒன்றே ஏறத்தாழ 25 கிராம் சீனியைக் கொண்டுவந்துவிடும். நோன்பு திறக்கும் நேரத்துச் சர்பத்தையும் ரோஸ் மில்க்கையும் இத்தோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். பகல் முழுதும் பசித்திருந்தும் ரமழான் முடிவில் எடை கூடிவிடுவதன் இரகசியம் விளங்கும். பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு நோன்பு திறந்து, நோன்புக் கஞ்சியை நிதானமாக அருந்தினால் சர்பத்துக்குத் தேவையே எழாது.

பெயர் மாறினால் கணக்கு மாறுமா?

"நாங்கள் சீனியே வாங்குவதில்லை, கருப்பட்டிதான், நாட்டுச் சர்க்கரைதான்" என்று பெருமையோடு கூறுவோர் உண்டு. கருப்பட்டியின் மணத்துக்கும் சுவைக்கும் ஈடில்லை என்பது உண்மையே. ஆயினும் எடைக் கணக்கில் கருப்பட்டிக்கும் சீனிக்கும் வேற்றுமை மிகச் சொற்பம். தேனும் அவ்வாறே, அதில் நீர் கலந்திருப்பதால் கலோரி சற்றுக் குறைவு, அவ்வளவுதான். 'உடலுக்கு நல்லது' என்று எண்ணி இரு மடங்கு உண்டால் எடையும் ஏறத்தான் செய்யும்.

'சீனி இல்லாத இனிப்பு' என்று கடைகளில் விற்பவற்றிலும் நெய்யும் முந்திரியும் குறைவதில்லை. ஒரு கிராம் நெய் தருவது 9 கலோரி என்பதை மறந்துவிடாதீர்கள். எடையைக் கட்டுப்படுத்தும் நோக்கத்துக்காகச் செயற்கை இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. முன்னரே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் தம் மருத்துவரைக் கேட்டு நடக்க வேண்டும்.

நடைமுறைக்குச் சில வழிகள்

முதலாவது, தேநீரின் சீனியை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். இரண்டு வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்து வாருங்கள். நாக்கு ஒரு குழந்தையைப் போன்றது. அடித்தால் அழும், பழக்கினால் பழகிவிடும். சில வாரங்கள் சென்றபின் பழைய தேநீரைக் குடித்தால் உங்களுக்கே திகட்டும்.

இரண்டாவது, இனிப்பை உணவுக்கு மேல் உணவாக உண்ணாதீர்கள். உணவுக்குப் பதிலாக வையுங்கள். ஒரு கோப்பைச் சோறும் 50 கிராம் அல்வாவும் கலோரிக் கணக்கில் ஏறத்தாழச் சமம். இன்று அல்வா உண்டு என்று தெரிந்தால் சோற்றில் ஓர் அகப்பையைக் குறைத்துவிடுங்கள். காய்கறியையும் இறைச்சியையும் முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் உண்டு, இனிப்பை இறுதியில் வைத்துக்கொண்டால் வயிறு நிறைந்திருக்கும்; சிறு துண்டே போதுமென்று தோன்றும்.

மூன்றாவது, இனிப்பை டப்பாவிலிருந்து நேரே எடுத்து உண்ணாதீர்கள். ஒரு சிறிய தட்டில் ஒரு துண்டை வைத்து, டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டு, அமர்ந்து, மெல்ல மென்று உண்ணுங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரச் சற்று நேரம் பிடிக்கும். வேகமாக உண்பவர் அச்செய்தி வருமுன்னரே மூன்றாம் துண்டை முடித்துவிடுகிறார்.

நான்காவது, வீட்டில் செய்யும் பாயசத்திலும் பிர்னியிலும் வழக்கமான சீனியில் கால் பங்கைக் குறைத்துப் பாருங்கள். ஏலமும் குங்குமப்பூவும் அந்தக் குறையை மறைத்துவிடும். பரிமாறுவதற்குச் சிறிய கிண்ணங்களைப் பயன்படுத்துங்கள்.

ஐந்தாவது, நடை. வாரத்துக்கு 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் வேண்டும். ஆண்கள் பள்ளிவாசலுக்கு வண்டியை விட்டுவிட்டு நடந்து செல்லலாம். பெண்கள் நடப்பதற்கு நம் தெருக்களில் இடமில்லை என்று குறைப்படுவதில் நியாயம் உண்டு. மொட்டை மாடி இருக்கிறதே! ஃபஜ்ருக்குப் பின் அரை மணி நேரம் அங்கே நடக்க வழிசெய்து கொடுப்பதும், அந்த நேரத்தில் அடுப்படியைப் பார்த்துக்கொள்வதும் கணவரின் கடமையென்று நான் சொல்வேன்.

வயிறு குப்பைத்தொட்டி அன்று

இல்லத்தரசிகளுக்குத் தனியாக ஒரு சொல். பிள்ளைகள் மிச்சம் வைத்த பாயசம், விருந்தாளிகள் தொடாமல் விட்ட தொதல், சட்டியின் அடியில் ஒட்டிய பிர்னி ஆகிய எல்லாம் எங்கே போகின்றன? "வீணாகக் கூடாதே" என்று நீங்கள் உண்டுவிடுகிறீர்கள். வீண்விரயம் கூடாது என்பது சரி. ஆனால் தேவையில்லாத உணவை வயிற்றில் கொட்டுவதும் விரயமே. தட்டில் வீணாகும் உணவு அத்துடன் முடிந்துவிடும். உடலில் வீணாகும் உணவு மருந்துச் செலவையும் உடன் அழைத்து வரும். குறைவாகச் செய்யுங்கள். மிஞ்சினால் அண்டை வீட்டுக்கு அனுப்புங்கள்.

விருந்தோம்புவோர்க்கும் ஒரு வேண்டுகோள். "எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டு ஒன்றோடு நிறுத்தினால் எப்படி?" என்று வற்புறுத்துவது அன்பின் மொழிதான். ஆனால் எதிரில் அமர்ந்திருக்கும் மாமிக்கு சர்க்கரை அளவு என்ன என்பது நமக்குத் தெரியாது. கூச்சத்தால் மறுக்க முடியாமல் உண்டுவிட்டு, இரவில் தலைசுற்றிப் படுத்துக்கொள்பவர் அவர்தாம். "போதும்" என்று விருந்தாளி சொன்னால் அதை ஏற்றுக்கொள்வதும் உபசரிப்பின் ஒரு பகுதியே.

ஓர் எச்சரிக்கை

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாகவே உணவைக் குறைத்துவிடலாகாது; இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துபோகும் ஆபத்து உண்டு. கருவுற்ற தாய்மார்களும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்காமல் எடை குறைக்க முயலலாகாது. ஏனையோரும் அவசரப்பட வேண்டாம். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே அது நல்ல முன்னேற்றம். பல்லாண்டுகளாக ஏறியது பத்து நாளில் இறங்குமா?

அன்புச் சகோதர சகோதரிகளே! இந்த மாதம் உங்கள் இல்லத்தில் ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். மாதம் பிறந்தவுடன் சீனி டப்பாவை நிறுத்து, எடையைக் குறித்து வையுங்கள். இடையில் வாங்கும் சீனியையும் குறித்து வாருங்கள். மாத இறுதியில் எவ்வளவு செலவாயிற்று என்று பார்த்து, வீட்டிலுள்ளோர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் விடை உங்களைத் திடுக்கிட வைக்கலாம். அடுத்த மாதம் அதைப் பாதியாக்க முயலுங்கள். அப்படிக் குறைத்த வீட்டில், பெருநாள் காலையில் கிண்ணத்தில் வரும் வட்டிலப்பத்தை அச்சமின்றி, ஆசையோடு, அளவோடு உண்ணலாம், இன்ஷா அல்லாஹ்.