மொட்டை மலை

மூணாறு போனவர்களுக்கு ராஜமலை தெரியும். கியூவில் நின்று, வனத்துறை பஸ்ஸில் வளைந்து வளைந்து ஏறி இறங்கியதும் என் மனைவி சொன்னாள்: "என்னங்க, மலை மொட்டையா இருக்கு? நாலு மரம் நட்டா என்ன?"

பக்கத்தில் நின்ற வனக்காவலர் சிரித்தார். "நட்டாத்தாம்மா ஆபத்து" என்றார், நல்ல தமிழில்.

இது இரவிகுளம் தேசியப் பூங்கா. 97 சதுர கிலோமீட்டர். பெரும்பாலும் புல், பள்ளங்களில் மட்டும் சோலைக்காடு. ஆனால் வெறும் புல் என்று சொல்லிவிடாதீர்கள். 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும் நீலக்குறிஞ்சி இதில்தான் இருக்கிறது. 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. கொட்டுகிற மழையைப் புல் பிடித்து வைத்துக்கொண்டு, ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. ஆனைமுடி உச்சியில் ஆரஞ்சுச் சிவப்பில் ஒரு குட்டித் தவளை உண்டு. 2010-ல்தான் அதற்கு விஞ்ஞானிகள் பெயரே வைத்தார்கள்.

அப்புறம், வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. ஆனால் ஒரே இடத்தில் அதிகமாக வசிப்பது இங்கே, கேரள விலாசத்தில்! சாப்பாடு புல். ஆபத்து என்றால் செங்குத்துப் பாறைக்கு ஓட்டம். மரபணுவைப் பார்த்ததில் 2005-ல் ஒரு குட்டு வெளிப்பட்டது: இமயமலை வரையாட்டைவிட இதற்கு நெருங்கிய சொந்தம் செம்மறிதானாம்.

நீலகிரியில் வெள்ளைக்காரர்களும் என் மனைவி மாதிரிதான் யோசித்தார்கள். புல்வெளி 'தரிசு'. ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில், யூகலிப்டஸ் கொண்டுவந்து நட்டார்கள். விறகுக்கு ஆச்சு, தோல் பதனிடப் பட்டைக்கும் ஆச்சு. சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் விடாமல் நட்டோம். வாட்டில் தானாகவே பரவிப் புல்லை விழுங்கியது. புல் போனால் வரையாடு எங்கே போகும்? இப்போது செலவு பண்ணி வெட்டுகிறோம்.

இரவிகுளம் தப்பித்த கதை இன்னும் வேடிக்கை. தேயிலைத் தோட்டத்துத் துரைமார்கள் இதை வேட்டைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். சுடுவதற்கு ஆடு வேண்டுமே! அதனால் தேயிலை நடவில்லை. 1975-ல் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா.

ஒரு வரையாடு ரோட்டோரமாக வந்து, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புல்லில் மும்முரமானது.

"இங்கே நட வேண்டாம், சரி" என்றாள் மனைவி. "கார் நிறுத்தறதுக்காக வாசல் வேப்பமரத்தை வெட்டினீங்களே... ஊருக்குப் போனதும் அதை முதல்ல நடுங்க."

வனக்காவலர் மறுபடி சிரித்தார். நான் ஆட்டைப் பார்த்தேன்.