கோடி ரூபாய்க் காருக்கும் சைக்கிளுக்கும் ஒரே வரியா?

ஷிப்டுக்குப் போக மில் தொழிலாளி ஒருவர் புதிதாகச் சைக்கிள் வாங்கினால், அவர் கட்டும் சரக்கு-சேவை வரி நூற்றுக்கு 5 ரூபாய். 2025 செப்டம்பர் 22-ந் தேதிக்கு முன்பு அது 12 ரூபாயாக இருந்தது. குறைத்தது நல்லதே. ஆனால் ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ள மின்சாரக் கார் வாங்கும் சீமான் கட்டுவதும் அதே நூற்றுக்கு 5 ரூபாய்தான். இந்த 5 சதவிகிதம் 2019 ஆகஸ்டு முதல் நடப்பில் இருக்கிறது. அதாவது, சைக்கிளுக்குக் கிடைத்த சலுகை காருக்கு ஆறு வருஷம் முன்பே கிடைத்துவிட்டது!

நாம் மின்சார வண்டிகளுக்கு எதிரிகளல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏனென்றால், சலுகைக் கணக்கை யாராவது கேட்டால் “இவர்கள் முன்னேற்றத்தை எதிர்க்கிறவர்கள்” என்று கூச்சல் போடத் தயாராகச் சிலர் காத்திருக்கிறார்கள். நம் நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் நூற்றில் 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. வண்டிப் புகையை அதிகமாகச் சுவாசிப்பது யார்? குளிர்சாதனக் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவரா? இல்லை. பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவரும், ரோட்டோரத்தில் கடை போட்டவரும், ஆட்டோ ஓட்டுகிறவரும்தான். புகையில்லாத வண்டி வந்தால் முதலில் மூச்சு விடப்போவது நம்மவர்கள்தான். ஆகவே வண்டி வரட்டும். அது யாருடைய பணத்தில், யாருக்காக வருகிறது என்பதே கேள்வி.

கணக்கைப் பார்ப்போம். வரிக்கு முன் ஒரு கோடி ரூபாய் விலையுள்ள பெரிய பெட்ரோல் காருக்கு இப்போது சரக்கு-சேவை வரி 40 சதவிகிதம். 40 லட்ச ரூபாய். அதே விலையுள்ள மின்சாரக் காருக்கு 5 லட்சம். ஆக, 35 லட்ச ரூபாய் தள்ளுபடி. இது மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் சேர்ந்து கொடுப்பது. அடுத்தது ரோடு வரி. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் ஆயுள் வரியை உயர்த்தியபோது, 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவிகிதம் என்று விதித்தார்கள். ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த மாநில மின்சார வாகனக் கொள்கை, 2025 டிசம்பர் முடிய மின்சார வண்டிகளுக்கு ரோடு வரி முழுவதும் ரத்து என்று சொல்லியிருந்தது. விலைக்கு வரம்பு கிடையாது. இதில் இன்னொரு 20 லட்சம். இரண்டையும் கூட்டினால் 55 லட்ச ரூபாய்! வண்டி விலையில் பாதிக்கு மேல்.

இப்போது நம் ஆள் வாங்கும் மின்சார ஸ்கூட்டருக்கு வருவோம். வரிக்கு முன் விலை ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஸ்கூட்டருக்கு வரி 18 சதவிகிதம், இதற்கு 5. மிச்சம் 13,000 ரூபாய். ரோடு வரி விலக்கில் சுமார் 12,000 ரூபாய். மத்திய சர்க்காரின் நேரடி மானியம், 2025-26-ல் உச்சபட்சம் 5,000 ரூபாய். மொத்தம் 30,000 ரூபாய். அங்கே 55 லட்சம், இங்கே 30,000. ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டு விகிதத்தில் பார்த்தாலும், சீமானுக்கு நூற்றுக்கு 55, தொழிலாளிக்கு நூற்றுக்கு 30. பணக்காரனுக்கு அதிக விகிதம், ஏழைக்குக் குறைந்த விகிதம் என்று தள்ளுபடி கொடுக்கும் கடையை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

“சொந்தக் காருக்கு மத்திய சர்க்கார் நேரடி மானியம் கொடுக்கவில்லையே” என்று கேட்பார்கள். உண்மைதான். 2019-ல் 10,000 கோடி ரூபாயில் தொடங்கிய இரண்டாவது ‘ஃபேம்’ திட்டத்தில் கார் மானியம் வாடகைக்கு ஓடும் வண்டிகளுக்கு மட்டும் என்றுதான் இருந்தது. அது சரியான விதி. ஆனால் அந்தத் திட்டத்தில் ஸ்கூட்டருக்கு இருந்த மானியம் பின்னர் என்ன ஆயிற்று என்று பாருங்கள். 2021 ஜூனில் பாட்டரியின் ஒவ்வொரு யூனிட் சக்திக்கும் 15,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். 3 யூனிட் பாட்டரி உள்ள ஸ்கூட்டருக்கு 45,000 ரூபாய் வரை கிடைத்தது. 2023 ஜூனில் யூனிட்டுக்கு 10,000 ஆக வெட்டி, விலையில் 15 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். 2024 அக்டோபரில் ‘பி.எம். இ-டிரைவ்’ என்று புதுப் பெயரில் வந்த திட்டத்தில் உச்சபட்சம் 10,000. மறு வருஷம் 5,000. திட்டத்தை 2028 மார்ச் வரை நீட்டுவதாக 2025 ஆகஸ்டில் அறிவித்தபோது, ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் மானியம் 2026 மார்ச்சோடு முடியும் என்று சேர்த்தே அறிவித்தார்கள்.

“தொழில் காலூன்றிவிட்டது, இனி ஊன்றுகோல் வேண்டாம்” என்பது அவர்கள் சொல்லும் நியாயம். நல்லது. தவணை கட்டி ஸ்கூட்டர் வாங்குகிறவனின் ஊன்றுகோலை நான்கு வருஷத்தில் 45,000-லிருந்து 5,000-க்கு நறுக்கிவிட்டவர்கள், கோடீஸ்வரனின் ஊன்றுகோலில் ஓர் அங்குலமாவது நறுக்கியது உண்டா? 2025 செப்டம்பரில் வரி விகிதங்களை மாற்றியபோது, விலையுயர்ந்த மின்சாரக் கார்களுக்கு மட்டும் வரியைக் கூட்டலாம் என்றொரு யோசனை பத்திரிகைகளில் அடிபட்டது. கவுன்சில் கூடிக் கலைந்தபோது 5 சதவிகிதம் அப்படியே நின்றது. அந்தக் கவுன்சிலில் எல்லா மாநில மந்திரிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் வாசகர்கள் மறக்க வேண்டாம்.

வருமான வரியிலும் இதே கதைதான். 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை மின்சார வண்டிக்குக் கடன் வாங்கியவர்கள், அந்தக் கடனுக்குக் கட்டும் வட்டியில் வருஷத்துக்கு 1,50,000 ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் செய்தார்கள். 30 சதவிகிதம் வரி கட்டுகிறவருக்கு இதில் வருஷத்துக்கு 45,000 ரூபாய் மிச்சம். நாற்று நட்டுக் கூலி வாங்குகிற பெண்ணும், ஸ்பின்னிங் மில்லில் தினக்கூலிக்கு நிற்கும் இளைஞனும் வருமான வரி கட்டுகிறவர்களல்ல. அவர்கள் கடனுக்கு வண்டி வாங்கினாலும் இந்தச் சட்டத்தால் ஒரு பைசா லாபமில்லை. அதிகம் சம்பாதிக்கிறவனுக்கு அதிகம், ஒன்றும் இல்லாதவனுக்கு ஒன்றுமில்லை. வட்டிக் கடை நியாயம் இதைவிட மேல்!

வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு விரித்த கம்பளத்தையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து முழுதாகக் கொண்டுவரும் கார்களுக்கு இறக்குமதித் தீர்வை 70 சதவிகிதமும் அதற்கு மேலும். 2024 மார்ச்சில் மத்திய சர்க்கார் ஒரு திட்டம் போட்டது. மூன்று வருஷத்தில் 4,150 கோடி ரூபாய் மூலதனம் போட ஒப்புக்கொள்ளும் கம்பெனி, வருஷத்துக்கு 8,000 மின்சாரக் கார்கள் வரை 15 சதவிகிதத் தீர்வையில் இறக்கிக்கொள்ளலாம். எந்தக் காருக்கு இந்தத் தயவு? 35,000 டாலருக்குக் குறையாத காருக்கு. விலை மலிவான காருக்குச் சலுகை இல்லை, விலையுயர்ந்த காருக்கே சலுகை என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்றத்தான் இந்த வரம்பு என்று சமாதானம் சொல்கிறார்கள். காப்பாற்றட்டும். ஆனால் கஜானா இழக்கும் தீர்வை யார் வீட்டு வாசலில் காராக நிற்கப் போகிறது?

மானியம் என்பது வாங்குகிறவன் கையில் நேராக வருவதில்லை. கம்பெனி விலையைக் குறைத்து விற்கும். பிறகு சர்க்காரிடம் அந்தத் தொகையை வாங்கிக்கொள்ளும். இந்த ஏற்பாட்டில் நடந்த கூத்தும் ஊரறிந்தது. உள்நாட்டு உதிரிப் பாகங்களைக் கொண்டுதான் வண்டி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையை மீறியதாக, 2023-ல் ஏழு கம்பெனிகளிடம் 469 கோடி ரூபாயைத் திருப்பிக் கேட்டது மத்திய சர்க்கார். இன்னும் நான்கு கம்பெனிகள் சார்ஜருக்கென்று தனியே பணம் வசூலித்து, வண்டி விலையை மானிய வரம்புக்குள் இருப்பதுபோல் காட்டியிருந்தன. பிடிபட்ட பிறகு வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. ரேஷன் கார்டில் ஒரு பெயர் கூடுதலாக இருந்தால் அதிகாரி வீடு தேடி வருகிறார். இங்கே நூற்றுக்கணக்கான கோடி!

மற்ற நாடுகளில் எப்படி? அமெரிக்காவில் மின்சாரக் காருக்கு 7,500 டாலர் வரை வருமான வரிக் கழிவு கொடுத்தார்கள். 2006 முதல் 2012 வரையிலான கணக்குகளைச் செவரின் போரன்ஸ்டைன், லூகாஸ் டேவிஸ் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். மின்சாரக் கார் சலுகைத் தொகையில் நூற்றுக்கு 90 பங்கு, வருமானத்தில் மேல்தட்டிலுள்ள ஐந்தில் ஒரு பகுதியினருக்கே போயிருந்தது! இந்த ஏச்சுக்குப் பிறகுதான் 2022-ல் செய்த சட்டத்தில் வாங்குகிறவரின் வருமானத்துக்கும் காரின் விலைக்கும் வரம்பு போட்டார்கள். அந்தச் சலுகையே 2025 செப்டம்பர் 30-ந் தேதியோடு ரத்தாகிவிட்டது என்பது வேறு விஷயம். நார்வேயில் 2023-ல் 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட பகுதிக்கு விற்பனை வரி விதித்தார்கள். பிரான்சில் 2024 ஜனவரியில், வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும், அதிலும் வேலைக்காகத் தூரம் போகிறவர்களுக்கு, மாதம் 100 யூரோ வாடகையில் மின்சாரக் கார் கொடுத்தார்கள். ஆறு வாரத்தில் 50,000 வண்டிக்கு ஆள் சேர்ந்து பதிவை மூட வேண்டியதாயிற்று. இவையெல்லாம் முதலாளித்துவ நாடுகள்தான். அங்கேயே வரம்பு போட முடிகிறது. ஏழைகள் நிறைந்த நம் நாட்டில் ஏன் முடியவில்லை?

நம் மக்கள் எதில் போகிறார்கள் என்பதிலிருந்து சிந்தனையைத் தொடங்கியிருந்தால் சலுகையின் உருவமே வேறாக இருந்திருக்கும். காலை ஐந்து மணிக்குக் களையெடுக்கப் போகும் பெண்கள் லோடு ஆட்டோவின் பின்புறத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பஸ். ‘இ-டிரைவ்’ திட்டத்தில் 14,028 மின்சார பஸ்களுக்கு 4,391 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு பஸ்ஸுக்குச் சராசரி 31 லட்ச ரூபாய். மேலே சொன்ன ஒரே ஒரு காருக்கு விட்டுக்கொடுத்த 55 லட்சத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐம்பது பேரைச் சுமக்கும் பஸ்ஸுக்கு 31, ஒருவரைச் சுமக்கும் காருக்கு 55! அந்த பஸ்களும் 40 லட்சம் ஜனத்தொகைக்கு மேற்பட்ட ஒன்பது பெரிய நகரங்களுக்குத்தான். கிராமத்து ரோட்டில் ஓடும் டீசல் பஸ்ஸைப் போக்குவரத்துக் கழகம் புதிதாக வாங்கினால் அதற்கு வரி 18 சதவிகிதம்.

சீனாவில் ஷென்ஷென் நகரம் 2017 முடிவதற்குள் 16,000-க்கு மேற்பட்ட பஸ்களையும் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. சென்னையில் 2025 ஜூன் 30-ந் தேதி வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் புறப்பட்டன. மகிழ்ச்சி. ஆனால் பஸ் கம்பெனியுடையது, டிரைவர் கம்பெனியின் ஆள், கண்டக்டர் மட்டும் கழகத்தின் ஆள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் கம்பெனிக்குப் பணம் கட்டும். புகை போகும்போது நிரந்தர வேலையும் கூடவே போக வேண்டும் என்று எந்த விஞ்ஞானம் சொல்கிறது?

வேலையைப் பற்றிப் பேசும்போது கோயமுத்தூர் லேத்துப் பட்டறைகளையும் நினைக்க வேண்டியிருக்கிறது. மின்சார வண்டிக்குப் பிஸ்டன் வேண்டாம், புகைக்குழாய் வேண்டாம். இவற்றை வார்த்தும் கடைந்தும் பிழைக்கும் தொழிலாளர்களுக்கு மறுவேலைப் பயிற்சிக்கும், இடைக்காலத்தில் சம்பளத்துக்கும் என்ன ஏற்பாடு? மாநிலக் கொள்கை 50,000 கோடி ரூபாய் மூலதனமும் 1,50,000 வேலையும் வரும் என்கிறது. அந்த வேலைகளில் எத்தனை நிரந்தரம், எத்தனை கான்ட்ராக்ட், சங்கம் வைக்க உரிமை உண்டா என்பதைச் சலுகை பெறும் ஒவ்வொரு கம்பெனியிடமும் எழுத்தில் வாங்க வேண்டும்.

நாம் கேட்பது இது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சாரக் காருக்கு வரிச் சலுகையை வாபஸ் வாங்குங்கள். அதில் வரும் பணத்தில் ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் லோடு வண்டிக்கும் பழைய மானியத்தைத் திரும்பக் கொடுங்கள். கூட்டுறவு பாங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுங்கள். பஸ்ஸுக்கான வரியை 5 சதவிகிதமாகக் குறையுங்கள். மின்சார பஸ்களைக் கழகமே சொந்தமாக வாங்கி, தன் டிரைவரைக் கொண்டு ஓட்டட்டும். மில் ஷிப்டு மாறும் நேரத்துக்கும், வயல் வேலை தொடங்கும் நேரத்துக்கும் முதல் பஸ் ஊருக்குள் வரட்டும். அடுத்த முறை கவுன்சில் கூடும்போது தமிழ்நாட்டு மந்திரி இந்தக் கோரிக்கையை வைத்தாரா இல்லையா என்பதை இதே பக்கத்தில் எழுதுவோம்.