நெய்யாற்றின்கரையும் ஒரு சில்லெழுத்தும்

பொட்டி தட்டுற மக்களே, டேட்டா பைண்டிங் பத்தி என் கட்சியைச் சொல்லிடறேன். திரையில இருக்கற கட்டத்தையும் உள்ளே இருக்கற தகவலையும் முடிச்சுப் போட்டு, ஒண்ணு மாறினா மத்ததும் தானா மாற வைக்கிறதுதான் அது. 2010-ல வந்த ஆங்குலர்ஜேஎஸ் இருவழி முடிச்சை ஊரெல்லாம் பரப்புச்சு. வேலை மிச்சம்தான். ஆனா எங்க ஊர்ப் பேருக்கு அது போதாது.

1956-ல எல்லை பிரிச்சப்போ பக்கத்து விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போச்சு. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்துலயே நின்னுது. அதனால இங்கே தமிழ்க் குடும்பமும் மலையாளத்துல ஊர்ப் பேர் எழுத வேண்டிவரும். 'நெய்யாற்றின்கரை'ன்னு எழுதினா நடுவுல ஒரு சில்லு 'ன்' வரும். யூனிகோடுல அதுக்கு ரெண்டு வடிவம். பழசு, ந-வும் சந்திரக்கலையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு இணைப்புக்குறியும் சேர்ந்தது. புதுசு, 2008-ல 5.1 பதிப்புல வந்த தனி எழுத்து. பார்க்க ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு வேற வேற. பழசுல ஏத்தினதைப் புதுசுல அப்படியே தேடினா கிடைக்காது. துபாய்ல உட்கார்ந்து அப்பா நிலத்தைத் தேடுறவருக்கு "இல்லை"ன்னு பதில் வந்தா எப்படி இருக்கும்?

யூனிகோடோட நார்மலைசேஷனும் இந்த ரெண்டையும் ஒண்ணாக்காது. தட்டினதை அப்படியே உள்ளே விடுற பைண்டிங்குக்கும் இது தெரியாது. மைக்ரோசாஃப்டோட டபிள்யூபிஎஃப்-ல நடுவுல கன்வெர்ட்டர் வைக்கலாம். 2013-ல வந்த ரியாக்ட்ல தகவல் ஒருவழிதான். தட்டினது நம்ம ஃபங்ஷன் வழியாத்தான் உள்ளே போகும். பழசைப் புதுசாக்குற ரெண்டு வரியை அங்கேயே எழுதிடலாம்.

நம்ம 'ஸ்ரீ'யும் இதே கதைதான்: ஸ-வுல தொடங்கி ஒண்ணு, ஶ-வுல தொடங்கி ஒண்ணு. முடிச்சு போடுங்க, வேண்டாம்னு சொல்லலை. நடுவுல ஒரு சல்லடையும் வைங்க.