தையல் வகுப்பில் ஒரு முழ வயர்

சங்கிலித் தையலும் கண்ணாடித் தையலும் நம் கைகளுக்கு நன்றாகவே வரும். ஆனால் இஸ்திரிப் பெட்டியின் வயர் அறுந்துபோனால் நாம் செய்வதென்ன? "அண்ணன் வரட்டும்" என்று காத்திருக்கிறோம். அண்ணனும் வந்து, வயரின் உறையைப் பல்லால் கடித்து நீக்கி, நுனிகளை ஒரு முறுக்கு முறுக்கி, கையில் கிடைத்த செல்லோடேப்பைச் சுற்றிவிட்டுப் போகிறார். பெட்டி சூடாகிறது, வேலை முடிந்தது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. முடியவில்லை என்பதே நம் கருத்து. (அண்ணன்மார் மன்னிக்க.)

தளர்ந்த இணைப்பில் மின்தடை கூடும். தடை கூடிய இடத்தில் வெப்பம் பிறக்கும். பௌதிக வகுப்பில் ஜூல் விதி என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான் இது. 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கிறது. அந்த முறுக்கின் தடை 1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் சுமார் 18 வாட். ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயம் உருக்கும் சிறு கருவிக்கே 25 வாட் போதும். ஏறக்குறைய அந்தச் சூடு செல்லோடேப்புக்குள், துணி விரித்த மேசையின் மேல்! அந்த வயரை நாள்தோறும் தொடுபவர் அண்ணன் அல்லர், அம்மா.

1856-இல் வெஸ்டர்ன் யூனியன் என்று பெயர் பூண்ட அமெரிக்கத் தந்திக் கம்பெனியின் பெயராலேயே வழங்கும் இணைப்பு ஒன்று உண்டு. ஒற்றைச் செம்புக் கம்பிகள் இரண்டின் நுனிகளை மூன்று அங்குலம் உறை நீக்கி, கத்தி கம்பியில் படாமல் சுத்தம் செய்து, குறுக்காக வைக்க வேண்டும். நடுவில் ஓரிரு தளர்ந்த முறுக்கு. பின் ஒவ்வொரு நுனியையும் மற்றக் கம்பியின்மேல் நெருக்கமாக ஐந்தாறு சுற்று. இழுக்க இழுக்க அது இறுகும். இன்சுலேஷன் டேப்பை ஒரு பக்கத்து உறையில் தொடங்கி, பாதிக்குப் பாதி மேலே ஏறும்படி சுற்றி, மறுபக்கத்து உறையில் முடிக்க வேண்டும். பொத்தான் துளை தைத்த விரல்களுக்கு இது பெரிய காரியமா?

பல மெல்லிய இழைகளாலான வயருக்குத் திருகாணி வைத்த கனெக்டரே மேல். இஸ்திரிப் பெட்டியின் வயரையோ இணைக்கவே கூடாது. முழுவதையும் மாற்றுவதே முறை. இதுவும் கற்றால்தானே தெரியும்!

"பெண் குழந்தைகளுக்கு ஆபத்தல்லவா?" என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். எதிலும் பொருத்தாத ஒரு முழ வயரில் மின்சாரம் இல்லை; தையல் ஊசியாவது விரலைக் குத்தும். வீட்டிலோ, பிளக்கை உருவும் முன் வயரைத் தொடாமையே முதற்பாடம்.

ஆகவே தையல் வகுப்பு நடத்தும் சகோதரியரிடம் ஆண்டுக்கு இரண்டே பாடவேளைகள் கேட்கிறோம். அடுத்த கைவேலைக் கண்காட்சியில், பூ வேலை செய்த மேசைவிரிப்பின் அருகே நம் இணைப்புகளையும் வைப்போம். விரிப்பைத் தொட வேண்டாம் என்று எழுதி வைப்பது வழக்கம். வயரை மட்டும் யார் வேண்டுமானாலும் இழுத்துப் பார்க்கலாம்.