அந்தப் பேனாவைத் தூக்கி எறியுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. போர் தண்ணீர்க் குழாயில் மாட்டியிருக்கும் சாஃப்ட்னரைக் கழற்றிவிட்டு, உப்பே போட வேண்டாத ஒரு காந்தக் கருவியை அங்கே வைப்பது என்று முடிவு. ஒரு விற்பனையாளர் வந்தார். தண்ணீரில் கரைந்திருப்பதன் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். போர் தண்ணீரில் நனைத்தார், 1,100 காட்டியது. சாஃப்ட்னரிலிருந்து வரும் தண்ணீரில் நனைத்தார், 1,130 காட்டியது. “பாத்தீங்களா சார், குறையவே இல்ல, கூடத்தான் செஞ்சிருக்கு!” என்றார். அவ்வளவுதான். பொறியியல் படித்தவர்கள், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்கள், மருந்துக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள்.

அந்தக் காந்தத்தைத் தாண்டி வரும் தண்ணீரிலும் அதே பேனாவை நனைத்துக் காட்டுங்கள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நனைத்திருந்தால் அதே 1,100தான் காட்டியிருக்கும். காந்தம் தண்ணீரிலிருந்து எதையும் எடுப்பதில்லை. குழாயில் கால்சியம் எவ்வளவு நுழைகிறதோ அவ்வளவும் வெளியே வருகிறது. சோப்பு அப்படியேதான் திரியும், பருப்பு அப்படியேதான் வேகாமல் அடம்பிடிக்கும்.

எனக்கு ஆத்திரம் அந்த விற்பனையாளர் மேல்கூட அதிகம் இல்லை. தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஓர் எண் போதும், அந்த எண்ணை இந்தப் பேனா சொல்லிவிடும் என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கிறதே, அதன் மேல்தான் ஆத்திரம்.

1,130 காட்டியதால் அந்தச் சாஃப்ட்னர் வேலை செய்யவில்லை என்று ஆகிவிடாது. உள்ளே இருக்கும் ரெசின் மணிகள் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகின்றன. ஒரு கால்சியம் அயனி போனால் இரண்டு சோடியம் அயனி வரும். 40 பங்கு எடை போய் 46 பங்கு எடை வருகிறது. கடினத்தன்மை முழுவதும் கால்சியமே என்று வைத்தால், கால்சியம் கார்பனேட் அளவில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீரில் 200 மில்லிகிராம் கால்சியம் போய் 230 மில்லிகிராம் சோடியம் சேரும். ஆகவே மொத்தக் கரைபொருள் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

பேனாவுக்கு இது எதுவும் தெரியாது. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, அதை ஒரு குத்துமதிப்பான எண்ணால் பெருக்கித் திரையில் காட்டுவது மட்டும்தான் அதன் வேலை. கடத்துவது கால்சியமா, சோடியமா, நல்லதா, கெட்டதா என்று அது பார்ப்பதில்லை.

நம்பாதவர்கள் இன்றைக்கே வீட்டில் செய்து பாருங்கள். ஆர்.ஓ. தண்ணீர் ஒரு லிட்டர் எடுங்கள். ஒரு கிராம் சமையல் உப்பு போட்டுக் கலக்குங்கள். பேனாவை நனையுங்கள், எண் ஆயிரத்தை ஒட்டி நிற்கும். இப்போது அதே தண்ணீரில் கையில் சோப்புப் போடுங்கள். பொங்கிப் பொங்கி நுரைக்கும். ஆயிரம் டி.டி.எஸ்., கடினத்தன்மையோ ஏறக்குறைய பூஜ்யம். ஒரு கிராம் உப்பில் அந்தப் பேனாவின் மானம் போய்விடும். இதற்கு எந்த விற்பனையாளரிடமும் பதில் கிடையாது. இருந்தால் சொல்லட்டும்.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். பேனா 350 காட்டும் கிணற்றுத் தண்ணீரில் பெரும்பங்கு கால்சியம் பைகார்பனேட்டாக இருந்தால், கீசர் கம்பியில் சுண்ணாம்பு தடிமனாக ஏறும், ஷவரின் துளைகள் ஒவ்வொன்றாக அடைபடும், கெட்டிலின் அடியில் வெள்ளைச் செதில் உதிரும். “எங்க தண்ணி முந்நூத்தம்பதுதாங்க, அருமையான தண்ணி” என்று பெருமை பேசுபவரின் வீட்டில் கீசர் கம்பி மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பேனா நல்ல தண்ணீர் என்று சொல்லிவிட்ட பிறகு கீசர் கம்பெனியைத் திட்டுவதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

இன்னொரு வித்தை இருக்கிறது, அது இதைவிடக் கேவலம். இரண்டு டம்ளர்கள், ஒன்றில் உங்கள் வீட்டுத் தண்ணீர், மற்றொன்றில் ஆர்.ஓ. தண்ணீர். இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும் உள்ள ஒரு கருவியை இரண்டிலும் விட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். உங்கள் தண்ணீர் சேறாகிப் பழுப்பாகும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே நிற்கும். “இதத்தாம்மா குழந்தைங்களுக்குக் குடுத்துட்டு இருக்கீங்க” என்பார்கள். எத்தனை தாய்மார்கள் அந்த நிமிடத்திலேயே முன்பணம் கொடுத்திருப்பார்கள்! அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. மின்சாரத்தில் கரைந்து வந்த இரும்புக் கம்பியின் துரு அது. ஆர்.ஓ. தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாததால் அங்கே கம்பி கரையவில்லை. அந்தத் தெளிவான டம்ளரில் அதே ஒரு கிராம் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். போடுவதற்குள் கருவியைப் பைக்குள் வைத்துவிடுவார்கள்.

கடினத் தண்ணீரைக் கண்டுபிடிக்க நம் வீட்டுப் பெண்களுக்குப் பேனா தேவைப்பட்டதே இல்லை. துவரம் பருப்பு எவ்வளவு கொதித்தாலும் மசியவில்லை என்றால் அந்தத் தண்ணீர் ஆகாது என்று தெரிந்தது, வேறு கிணற்றுக்குப் போனார்கள். கால்சியம் பருப்பின் செல் சுவர்களில் உள்ள பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடுவதுதான் காரணம் என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், முடிவு சரியாக இருந்தது. தலைக்கு அரப்பும் சீயக்காயும் தேய்த்தார்கள். சோப்பைப் போல அவை கால்சியத்தோடு சேர்ந்து திரிந்து முடியில் ஒட்டுவதில்லை. ரூபாய் இருநூறுக்குச் சீனப் பேனா வாங்கி வைத்திருக்கும் நாம் அந்த அறிவையும் தொலைத்துவிட்டோம்.

முடி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் குடிவந்த இளைஞர்கள் எல்லோரும் தலை வழுக்கையாவதற்குப் போர் தண்ணீரைக் குறை சொல்கிறார்கள். கடினத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்காக்கும், உண்மை. ஆனால் ஆண்களின் வழுக்கை பெரும்பாலும் பரம்பரையிலும் ஹார்மோனிலும் இருந்து வருவது. அப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் இருக்கும் வழுக்கையைக் குழாயில் ஒரு டப்பாவை மாட்டித் தடுத்துவிடலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். சிறுநீரகக் கல் பயமும் இப்படித்தான் விற்கப்படுகிறது. கல் வருவதில் தண்ணீரே போதாமல் குடிப்பதற்குப் பெரிய பங்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலத்தை வைத்து வரம்பு எதையும் குறிக்கவில்லை.

உண்மையிலேயே பயப்பட வேண்டியதைப் பேனா காட்டாது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் தலைமுறை தலைமுறையாகப் பற்களைக் கறையாக்கி எலும்பை வளைத்தது ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலே ஆபத்து. அறுநூறு, எழுநூறு காட்டும் பேனாவில் அந்த ஒன்றரை எங்கே தெரியும்? மலக்கிருமி கலந்த சம்ப் தண்ணீரிலும் அது நல்ல எண்ணையே காட்டும். கிருமிக்கு அந்தத் திரையில் இடமே இல்லை.

2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவியைத் தடை செய்யச் சொன்னது. தண்ணீர் வீணாவதைத் தடுக்கும் நோக்கம் நூற்றுக்கு நூறு சரி. அதிலிருந்து மக்கள் எடுத்துக்கொண்டதோ, ஐந்நூறுக்கு மேலே விஷம், ஐந்நூறுக்குக் கீழே அமிர்தம் என்ற மூடநம்பிக்கையை மட்டும்தான். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டிலேயே ஆர்.ஓ. ஓடுகிறது. அந்தத் தண்ணீருக்கு ஆர்.ஓ.! லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, மலையிலிருந்து வந்த தண்ணீரின் ருசியையும் எடுத்துவிட்டுக் குடிக்கிறார்கள். இந்த அநியாயத்தை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

சாஃப்ட்னர் வாங்குவதென்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, என் தண்ணீரின் கடினத்தன்மை எவ்வளவு என்பது. கால்சியம் கார்பனேட் அளவில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்ல வேண்டும். இந்தியத் தர நிர்ணயம் 200 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழி இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். சொட்டுச் சொட்டாக விட்டு, சிவப்பு நீலமாகும்வரை எண்ணும் சிறிய சோதனைப் பெட்டியும் கடையில் கிடைக்கிறது. பேனாவின் பக்கத்திலேயே கிடைக்கிறது. யாரும் வாங்குவதில்லை.

அந்த எண் கையில் வந்துவிட்டால் மிச்சம் வாய்க்கணக்கு. நான்கு பேர் உள்ள வீடு, தலைக்கு 135 லிட்டர், நாளைக்கு 540 லிட்டர். கடினத்தன்மை 500 என்றால் நாளொன்றுக்கு 270 கிராம் எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் ரெசின் ஏறக்குறைய 50 கிராம் தாங்கும். 25 லிட்டர் ரெசின் நாலரை நாள் வரும். பிறகு மூன்று கிலோ உப்பைக் கரைத்து ஓட்டி அதற்கு மறுபடி உயிர் கொடுக்க வேண்டும். மாதம் 20 கிலோ உப்பு. இதுதான் கணக்கு. இப்போது குளியலறைக் குழாயில் மாட்டச் சொல்லி விற்கிறார்களே, அந்தக் குட்டி டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே அரை லிட்டர் ரெசின் என்றே வைப்போம். 25 கிராம் தாங்கும். இதே தண்ணீரில் 50 லிட்டருக்கு வரும், அதாவது இரண்டரை வாளி. மூன்றாவது ஆள் குளிக்கும்போதே அது வெறும் பிளாஸ்டிக். ஆறு மாதம் உழைக்கும் என்று அட்டையில் அச்சடித்து விற்கிறார்கள், வாங்கியவரும் பேனாவை வைத்துப் பார்த்துவிட்டு, தெரிந்தவர்களுக்குச் சிபாரிசு செய்கிறார்.

சாஃப்ட்னருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதன் தண்ணீரில் சோடியம் கூடுவதால், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் சமையலறைக் குடிநீர்க் குழாயை அதில் சேர்க்கக் கூடாது. போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் அதை முதலில் வடிகட்டாமல் விட்டால் ரெசின் பாழாகும். கழுவி வரும் உப்புக் கழிவைத் தோட்டத்துப் பாத்தியில் திருப்பிவிடும் சங்கங்களைப் பார்த்திருக்கிறேன். சோடியம் ஏறி மண் இறுகி, செம்பருத்தியும் கறிவேப்பிலையும் கருகிய பிறகு தோட்டக்காரரை வேலையை விட்டு அனுப்புகிறார்கள். அவர் என்ன பாவம் செய்தார்?

இத்தனைக்கும் நடுவில், கடினத்தன்மை அறவே இல்லாத தண்ணீர் ஆண்டுதோறும் நம் தலைக்கு மேலே இருந்து விழுகிறது. சென்னையில் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 1 லட்சம் லிட்டருக்கு மேல் பிடிக்கலாம். 2003-இலேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். குழி இருக்கிறது, அதில் சிமெண்ட் மூட்டையும் உடைந்த டைல்ஸும் கிடக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அதைத் தூர் வாரச் சொன்னால் நிதி இல்லை என்கிறார்கள். காந்தத்துக்கு மட்டும் வீட்டுக்கு ஆறாயிரம் வசூலிக்க நிதி இருக்கிறது. அந்தப் பணத்தில் முதலில் குழியைத் தோண்டுங்கள். மிச்சத்தில் இரண்டு புட்டித் தண்ணீரை, சாஃப்ட்னருக்கு முன்னும் பின்னும் பிடித்து, கடினத்தன்மை பார்க்க ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அந்த அறிக்கையைத் தகவல் பலகையில் ஒட்டிய பிறகு வாக்கெடுப்பு நடத்துங்கள்.