எலிக்கு மாநகர சபை எல்லை தெரியாது

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை சொந்தங்களே, கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

மழை விட்டால் எல்லா ஒழுங்கையிலும் ஒரே புலம்பல்: எலித் தொல்லை. உடனே கடையில் மருந்து வாங்கி நம்ம வீட்டு மூலையில் மட்டும் வைக்கிறோம். இரண்டு எலி சாகும். அடுத்த வாரம் பக்கத்துத் தொடர்மாடிக் கானிலிருந்து நாலு வரும். இதுவா எலி ஒழிப்பு? வருகிற எலிக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

கான் ஓரம் வளை தோண்டி வாழும் அந்தத் தடித்த பழுப்பு எலி இந்த மண்ணின் பிராணி அல்ல. பெயர் நோர்வே எலி. பூர்வீகம் வட சீனா, மொங்கோலியாப் பக்கம். கப்பலேறித் துறைமுகம் துறைமுகமாகப் பரவியது. மூன்று வாரத்தில் குட்டி போடும். புதிதாக வைத்த பொறியைச் சில நாள் அண்டவே அண்டாது.

எலி கொண்டுவந்த சாவு கொழும்புக்குப் புதிதல்ல. 1914இல் பிளேக் புகுந்ததும் துறைமுகம் வழியாகத்தான். இன்று எலிக்காய்ச்சல். 2008இல் மட்டும் நாடு முழுக்க 7,000க்கு மேற்பட்டோர் அந்தச் சந்தேகத்தில் பதிவானார்கள். சுமார் 200 பேர் மரணித்தார்கள். "அது வயல்காரர் நோய்" என்று சொல்லாதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில், காலில் கீறலோடு நடந்து பாடசாலைக்கு வரும் பிள்ளைக்கும் அதே ஆபத்து. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு என்றால் பனடோல் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். உடனே டொக்டரிடம் போங்கள்.

"பூனை வளர்த்தால் போதும்" என்பவர்களுக்கு ஒரு கதை. கரும்புத் தோட்ட எலியைப் பிடிக்க 1883இல் ஹவாய்க்குக் கீரி கொண்டுபோனார்கள். எலி நடமாடுவது இரவில், கீரி நடமாடுவது பகலில். எலியும் மிஞ்சியது, கீரியும் தொல்லையானது.

வென்ற இடமும் இருக்கிறது. கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்துக் கிழக்கு எல்லைக்கு 1950இல் இதே எலி வந்தது. அரசாங்கமும் எல்லையோர ஊர்ச் சபைகளும் விவசாயிகளும் சேர்ந்து எல்லை நெடுகக் காவல் போட்டார்கள். இன்றுவரை அங்கே எலி குடியேறவில்லை.

நம்ம நிலை? வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபைக்கு. தெற்கே கொஞ்சம் நடந்தால் தெஹிவளை–கல்கிசை மாநகர சபை. தண்டவாளம் புகையிரதத் திணைக்களத்துக்கு. கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் துறைமுக அதிகார சபை. இத்தனை கதிரை, ஒரே எலி! ஒருவர் மருந்து வைக்க மற்றவர் சும்மா இருந்தால் அந்தச் செலவு கானோடு போகும். எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே வாரத்தில், எல்லை கடந்து வேலை செய்ய வேண்டும். இதை எழுத்தில் கேட்போம்.

கேட்க முன் நம்ம கையையும் பார்ப்போம். இரவு கடை பூட்டும்போது கொத்துரொட்டி மிச்சத்தைக் கானில் கொட்டுவது யார்? கல்யாண மண்டபச் சோறு, அன்னதான இலை, உழ்ஹிய்யாக் கழிவு எல்லாம் எலிக்கு ஒன்றுதான். இரவில் பாத்திரத்தை மூடிவைக்கச் சொன்ன மார்க்கத்துக்காரர் நாம், குப்பை வாளியை மட்டும் திறந்து வைக்கிறோம். சாப்பாடு கிடைக்கும்வரை எந்த மருந்தும் வேலை செய்யாது.

பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகங்களும் தொடர்மாடிக் குழுக்களும் முதலில் கூடட்டும். ஒழுங்கைக்கு ஒருவர் பொறுப்பெடுக்கட்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து, எல்லா வீட்டிலும் ஒரே நாளில் தொடங்குவோம். அடுத்த மழைக்கு முன்.

உங்கள் ஒழுங்கைக்கு யார் பொறுப்பு? கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கும் பகிருங்கள்.